முதலில் கெட்டது குடலா, மனசா? வாக்கர்டன் ஊரிலிருந்து பேச்சைத் தொடங்குவோம்

#1 வைகைக்கரை

ஐபிஎஸ் (குடலில் புண்ணோ அழற்சியோ தெரியாமலே வயிற்றுவலியும் பேதியோ மலச்சிக்கலோ நீடிக்கும் தொல்லை) பற்றிய இழை எதைத் திறந்தாலும் இரண்டு கட்சிகள்தான். ஒரு கட்சி "எல்லாம் டென்ஷன், மனசை லேசா வெச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறது. இன்னொரு கட்சி "குடல் பாக்டீரியாவைச் சரிசெய்தால் மனச்சோர்வு தானாகப் போகும்" என்று காப்சூல் பெயரை நீட்டுகிறது. இரண்டாலும் நோயாளிக்குத்தான் நஷ்டம். அதனால் கனடாவில் நடந்த ஒன்றை முதலில் வைக்கிறேன்.

ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன், சுமார் 5,000 பேர் வாழும் ஊர். 2000 மே மாதம் பெருமழை. மாட்டுப் பண்ணைச் சாணம் மழைநீரோடு ஊருக்குத் தண்ணீர் தரும் ஆழமில்லாத கிணறு ஒன்றில் இறங்கியது. போட்ட குளோரின் போதவில்லை. ஈ.கோலை ஓ157, கேம்பைலோபாக்டர் இரண்டும் குழாயில் வந்தன. சுமார் 2,300 பேருக்குக் குடல் தொற்று, 7 பேர் இறந்தார்கள்.

நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு நடந்தது. அந்த ஊர் மக்களை ஆய்வாளர்கள் எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, தொற்றே வராதவர்களில் ஐபிஎஸ் 10.1 சதவீதம். தொற்று வந்ததாகத் தாங்களே சொன்னவர்களில் 27.5. மருத்துவப் பதிவுகளும் அதை ஆதரித்தவர்களில் 36.2. கிருமி எப்போதோ வெளியேறிவிட்டது, வலியும் பேதியும் நின்றபாடில்லை. எட்டாம் ஆண்டில் தொற்றுக்கு ஆளானவர்களிடம் இது 28.3 சதவீதத்திலிருந்து 15.4 ஆகக் குறைந்திருந்தது. அதாவது பலருக்குத் தானாகவே அடங்குகிறது, ஆனால் ஆண்டுக்கணக்கில்.

யாருக்கு நீடித்தது? பெண்களுக்கு, இளவயதினருக்கு, தொற்றின்போது காய்ச்சல் அடித்தவர்கள் அல்லது எடை குறைந்தவர்களுக்கு. கூடவே, தொற்றுக்கு முன்பே மனப்பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்களுக்கு. ஒரே தண்ணீர், ஒரே கிருமி. மனநிலை அந்தக் கிருமியை உண்டாக்கவில்லை. ஆனால் கிருமி போனபின் குடல் எவ்வளவு சீக்கிரம் அடங்கும் என்பதில் அதற்கும் பங்கு இருந்தது. "மனசுதான்" என்பவர்களும் "பாக்டீரியாதான்" என்பவர்களும் இந்த ஊரை மனதில் வைத்துப் பேசலாம்.

#2 சுக்குமல்லி

நல்ல தொடக்கம் அண்ணா. ஒரு சந்தேகம். உடம்பில் இருக்கிற செரோடோனின் என்ற செய்தி கடத்தும் ரசாயனத்தில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில்தான் உருவாகிறதாமே? மனச்சோர்வு மாத்திரைகளும் செரோடோனினைத்தானே குறிவைக்கின்றன? அப்போ குடலைச் சரிசெய்தால் மூளைக்கும் அது கிடைக்காதா?

#3 கொன்றை

கிடைக்காது. 90 சதவீதக் கணக்கு சரி, அதிலிருந்து எடுக்கிற முடிவு தவறு. குடல் சுவரில் இருக்கும் எண்டெரோகுரோமாஃபின் செல்கள் செய்யும் செரோடோனின் இரத்த-மூளைத் தடையைத் தாண்டாது. மூளை தனக்கு வேண்டியதை டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து தானே செய்துகொள்கிறது. குடல் செரோடோனினின் வேலை குடலை அசைப்பது, நீரைச் சுரக்கவைப்பது, பக்கத்து நரம்பு முனையைத் தட்டி எழுப்புவது. சில வித்து உண்டாக்கும் பாக்டீரியாக்கள் இந்தச் செல்களைத் தூண்டிச் செரோடோனின் உற்பத்தியைக் கூட்டுகின்றன என்று 2015-இல் எலிகளில் காட்டினார்கள். அதுவும் குடலுக்குள் நடக்கும் கதைதான்.

மூளைக்குச் செய்தி போகும் பாதை வேறு. முக்கியமானது வேகஸ் நரம்பு. அதன் இழைகளில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் உடலிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. மூளையின் கட்டளை கீழே வருவது மிச்சம் இருக்கும் கொஞ்ச இழைகளில்தான். இதற்குப் பிரபலமான சோதனை 2011-இல் வந்தது. லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் வகையில் ஜேபி-1 என்ற திரிபை எலிகளுக்குக் கொடுத்தார்கள். பதற்ற நடத்தையும் அழுத்த ஹார்மோனும் குறைந்தன. வேகஸ் நரம்பை வெட்டிய எலிகளில் ஒரு பலனும் இல்லை. பாதை இதுதான் என்பதற்கு அழகான சான்று.

ஆனால் அதே ஜேபி-1 திரிபை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது (முடிவு 2017-இல் வெளிவந்தது) மனநிலை, அழுத்தம், நினைவாற்றல் எதிலும் மாற்றம் இல்லை. முதல் செய்தியைப் பகிர்கிறவர்கள் இரண்டாவதையும் சேர்த்துப் பகிர வேண்டும்.

#4 தேரிக்காடு

எலியை விடுங்க. மனுஷங்ககிட்டயே பெல்ஜியத்துல ஆயிரம் பேருக்கு மேல பாத்து, மனச்சோர்வு உள்ளவங்க மலத்துல காப்ரோகாக்கஸ், டயாலிஸ்டர்ங்கிற ரெண்டு பாக்டீரியாவும் குறைவுன்னு 2019ல சொன்னாங்களே. மாத்திரையோட விளைவைக் கழிச்சும் அப்படித்தான் வந்துச்சு. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?

#5 கொன்றை

பெல்ஜியத்தின் ஃபிளமிஷ் பகுதியில் நடந்த ஆய்வைச் சொல்கிறீர்கள். நேர்மையாகச் செய்த ஆய்வு. ஆனால் அது இரண்டும் சேர்ந்திருப்பதைக் காட்டுகிறது, எது எதை உண்டாக்கியது என்பதை அல்ல. இதே ஃபிளமிஷ் திட்டத்தின் 2016 முடிவையும் பாருங்கள். ஆளுக்கு ஆள் பாக்டீரியா ஏன் மாறுகிறது என்று பல காரணங்களை அலசினார்கள். முன்னணியில் வந்தது மலத்தின் இறுக்கம், அதாவது உணவு குடலில் எத்தனை மணி நேரம் தங்குகிறது என்பது.

இப்போது மனச்சோர்வில் இருக்கும் ஒருவரின் நாளை யோசியுங்கள். சாப்பாடு பாதி. காய்கறி வாங்கவோ நறுக்கவோ தெம்பு இல்லை. நடமாட்டம் குறைவு, தூக்கம் கெட்டது. மலம் இறுகும். காய்கறி, பயறு நார் கிடைக்காத பாக்டீரியா மெலியும். காப்ரோகாக்கஸ் நாரை நொதித்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைச் செய்யும் இனம், நார் இல்லாவிட்டால் முதலில் அடிவாங்குவதும் அது போன்ற இனங்கள்தான். எனவே அந்தக் குறைவு மனச்சோர்வின் விளைவாகவும் இருக்கலாம், ஒரு காரணமாகவும் இருக்கலாம், இரண்டுமாகவும் இருக்கலாம்.

அதனால்தான் மலத்தை அனுப்பினால் "உங்கள் மனநிலை பாக்டீரியா மதிப்பெண்" தரும் பரிசோதனைகளுக்குக் காசு கொடுக்காதீர்கள் என்கிறேன். எது சரியான அளவு என்று ஒப்புக்கொண்ட அட்டவணை கிடையாது. அந்த அறிக்கையை வைத்து எந்த மருத்துவரும் சிகிச்சையை மாற்ற முடியாது.

#6 வைகைக்கரை

தேரிக்காடு கேட்டதில் நியாயமும் இருக்கிறது. குடல் முதலில் கெட்டு மனசு பின்னால் கெடுவது அரிதல்ல. ஆஸ்திரேலியாவில் மக்களைத் தொடர்ந்து பார்த்த 2016 ஆய்வில், இரண்டும் சேர்ந்து வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குடல் தொல்லை முந்தியது, ஒரு பங்கினருக்கு மனத்தொல்லை முந்தியது. "உனக்கு மனசுதான் காரணம்" என்று எல்லாரிடமும் சொல்வது பெரும்பாலானோருக்குத் தவறான பதில்.

#7 நன்னாரி

மருந்துக்கும் உணவுக்கும் போகும் முன், இது ஐபிஎஸ்தானா என்று உறுதிசெய்வது பற்றி யாராவது எழுதுங்கள். பாதிப்பேர் தாங்களே பெயர் வைத்துக்கொள்கிறார்கள்.

#8 கொன்றை

ஐபிஎஸ்ஸைக் கண்டறிய மருத்துவர்கள் பயன்படுத்தும், 2016-இல் வந்த ரோம் நான்கு விதிப்படி: கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அது மலம் கழிப்பதோடு தொடர்புடையது, கழிக்கும் தடவை மாறுகிறது, மலத்தின் தன்மை மாறுகிறது என்ற மூன்றில் இரண்டு பொருந்த வேண்டும். தொடங்கி ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும். வலியே இல்லாமல் வெறும் பேதி என்றால் வேறு காரணம் தேடுங்கள்.

மலத்தில் இரத்தம், காரணமில்லாத எடை இழப்பு, இரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, 45–50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்குவது, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் அல்லது குடல் அழற்சி நோய். இதில் ஒன்று இருந்தாலும் இந்த இழையை மூடிவிட்டுக் குடல் மருத்துவரிடம் போங்கள்.

மற்றவர்களுக்குச் சில பரிசோதனைகள் போதும்: இரத்த எண்ணிக்கை, சிஆர்பி (அழற்சியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை), தைராய்டு, சீலியாக் நோய்க்கான (கோதுமையின் குளூட்டன் குடலைக் கெடுக்கும் நோய்) டிடிஜி இரத்தப் பரிசோதனை, மலத்தில் கால்புரொடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்). கால்புரொடெக்டின் கிராமுக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் குரோன், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் போன்ற அழற்சி நோய் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சற்றே கூடியிருந்தால் பயந்து உடனே கொலோனோஸ்கோப்பிக்கு ஓட வேண்டாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலிமாத்திரைகள்கூட அதை ஏற்றும். அவற்றை நிறுத்திச் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். நம் ஊர்களில் ஜியார்டியா, அமீபா, குடல் காசநோய் இவற்றையும் மருத்துவர் மனதில் வைப்பார்.

இன்னொன்று: டிடிஜி பரிசோதனை கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். முதலில் சப்பாத்தியை நிறுத்திவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பரிசோதித்தால் நோய் இருந்தும் இல்லை என்று வரலாம்.

#9 அஞ்சறைப்பெட்டி

உணவு பற்றி நான் எழுதுகிறேன். ஃபாட்மேப் முறை, அதாவது சில வகைச் சர்க்கரை உள்ள உணவைக் கொஞ்சகாலம் விலக்கிப் பிறகு ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேர்ப்பது, மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் வளர்ந்தது. சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாத சிறு சர்க்கரைகள் பெருங்குடலுக்குப் போய், அங்கே பாக்டீரியா அவற்றை நொதித்து வாயு உண்டாக்குகிறது, தண்ணீரையும் இழுக்கிறது. இது எல்லாருக்கும் நடப்பதுதான். ஐபிஎஸ் உள்ளவர் குடல் நரம்பு அதே அளவு வாயுவை வலியாக உணர்கிறது, அதுதான் வித்தியாசம்.

நம் சமையலில் அரிசி சாதகம். சோறு, இடியாப்பம், கஞ்சிக்குப் பிரச்சினை இல்லை. இடிக்கும் இடங்கள் இவை: வெங்காயம் (சின்னது, பெரியது இரண்டும்), பூண்டு, கோதுமை இவற்றில் ஃப்ரக்டான். கொண்டைக்கடலை, ராஜ்மா, பருப்பு வகைகளில் காலக்டோ சர்க்கரை. பாலில் லாக்டோஸ். மாம்பழத்திலும் தேனிலும் மிகுதியான ஃப்ரக்டோஸ். காளான், காலிஃபிளவரில் மானிட்டால். சர்க்கரையில்லா மிட்டாய்களில் சார்பிட்டால்.

அதிகம் பேர் தவறுவது பூண்டில். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டுப் பல்லை முழுசாக எண்ணெயில் பொன்னிறமாக வறுத்து எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை வரும், ஃப்ரக்டான் வராது. ஆனால் ரசத்தில் தட்டிப்போட்டு, கொதித்தபின் பூண்டை மட்டும் ஓரம் ஒதுக்குவது வீண் வேலை. அது ஏற்கெனவே ரசத்தில் இறங்கிவிட்டது. சாம்பாரிலிருந்து வெங்காயத்தைப் பொறுக்கி வைப்பதும் அப்படித்தான். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைப் பயன்படுத்தலாம். பருப்பையும் பயறையும் இரவு ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்தால் காலக்டோ சர்க்கரை குறையும்.

காலம்: விலக்குவது 2 முதல் 6 வாரம். அதற்கு மேல் ஒருநாள்கூட நீட்டாதீர்கள். நான்கு வாரத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இந்த முறை உங்களுக்கு உதவாது என்று விட்டுவிடலாம். முன்னேற்றம் இருந்தால் ஒவ்வொரு சர்க்கரையாகத் திருப்பிச் சேர்க்க வேண்டும். உதாரணமாக லாக்டோஸ்: முதல் நாள் 60 மி.லி. பால், இரண்டாம் நாள் 125, மூன்றாம் நாள் 250. தொல்லை வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மூன்று நாள் இடைவெளி விட்டு அடுத்த சர்க்கரை. ஒரு டம்ளர், அதாவது 250 மி.லி. பாலில் சுமார் 12 கிராம் லாக்டோஸ். லாக்டோஸ் செரிக்காதவர்களில் பலர் ஒரே வேளையில் இந்த அளவு வரை தாங்குவார்கள். எனவே காலைக் காபியை வாழ்நாள் முழுதும் துறக்க வேண்டிய அவசியம் பலருக்கு இல்லை. வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றிலும் ஃப்ரக்டான்தான் என்றாலும் தனித்தனியாகச் சோதியுங்கள். அளவு வேறு, தாங்கும் திறனும் வேறு.

ஏன் நீட்டக் கூடாது? விலக்கும் கட்டத்தில் பிஃபிடோ பாக்டீரியா குறைகிறது என்று பல ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். குடல் பாக்டீரியாவை வளர்க்கத் தொடங்கிய வேலை அதைப் பட்டினி போடுவதில் முடியும்.

மனநலம் பற்றிய இழை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். ஏற்கெனவே எடை குறைந்தவர், சாப்பாட்டைக் கண்டாலே பயப்படுபவர், உண்ணுதல் கோளாறு இருந்தவர், கடுமையான மனச்சோர்வில் ஒருவேளை சோறுகூட இறங்காதவர், இவர்களுக்கு இந்த விலக்குப் பட்டியலைக் கொடுக்கவே கூடாது. சாப்பாட்டு நேரத்தை ஒழுங்காக்குவது, ஒரே வேளையில் அதிகம் உண்ணாமல் பிரித்து உண்பது, காபி, காரம், எண்ணெயைக் குறைப்பது, இவ்வளவு போதும்.

#10 நன்னாரி

கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலக்கிறார்கள், டப்பாவைப் படியுங்கள். ஐபிஎஸ்காரருக்கு ஒரு சிட்டிகை பெரிய விஷயமில்லை, சீலியாக் உள்ளவருக்கு அது ஆகாது. ரெடிமேட் மசாலாப் பொடிகளிலும் வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி இருக்கிறதா என்று பாருங்கள்.

#11 சுக்குமல்லி

அப்போ புரோபயாடிக் (உயிருள்ள நல்ல பாக்டீரியா) காப்சூல் எதற்குமே உதவாதா? மனநிலைக்கு உதவும் பாக்டீரியாவுக்கு "சைக்கோபயாடிக்" என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்களே.

#12 கொன்றை

அந்தப் பெயரை வைத்தது 2013-இல், அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள். மனிதர்களில் ஓரளவு நம்பிக்கை தருவது கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட சிறு சோதனை. ஐபிஎஸ்ஸும் மிதமான பதற்றம் அல்லது சோர்வும் உள்ள 44 பேர். பிஃபிடோபாக்டீரியம் லாங்கம், என்சிசி3001 திரிபு, ஆறு வாரம். மனச்சோர்வு மதிப்பெண் குறைந்தவர்கள் அதை எடுத்த 22 பேரில் 14 பேர், போலி மருந்து எடுத்த 22 பேரில் 7 பேர். பதற்றம் குறையவில்லை. 44 பேரை வைத்துக் கோடிக்கணக்கானோருக்கு மருந்து எழுத முடியாது.

மருத்துவச் சங்கங்களின் சிகிச்சை வழிகாட்டிகளும் ஒத்துப்போகவில்லை. 2021-இல் வந்த அமெரிக்க வழிகாட்டி ஒன்று ஐபிஎஸ்ஸுக்குப் புரோபயாடிக் வேண்டாம் என்கிறது. அதே ஆண்டு பிரிட்டன் வழிகாட்டி, விரும்புபவர் 12 வாரம் வரை முயன்று பார்க்கலாம், பலன் இல்லையென்றால் நிறுத்திவிட வேண்டும் என்கிறது. நான் பிரிட்டன் பக்கம். ஆனால் மூன்று நிபந்தனை. லேபிளில் இனப் பெயர் மட்டுமின்றித் திரிபின் எண்ணும் இருக்க வேண்டும். ஒரே இனத்தில் ஒரு திரிபு செய்வதை இன்னொன்று செய்யாது. குளிரில் வைக்கச் சொன்னதை மே மாத வெயிலில் அலமாரியில் வைத்தால் உயிருள்ளது மிஞ்சாது. ஒரு நேரத்தில் ஒன்றையே முயலுங்கள், உணவையும் அதே வாரம் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. எதிர்ப்பாற்றல் மிகவும் குறைந்தவர்கள், தீவிர சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கவே வேண்டாம்.

#13 மருதம்

மனநல வார்டுகளில் இந்தத் தொடர்பின் எதிர்த்திசையைத்தான் தினமும் பார்க்க வேண்டும். மனநல மருந்து குடலை நிறுத்திவிடுவதைச் சொல்கிறேன்.

தீவிர மனநோய்க்குத் தரும் குளோசபின் குடலின் அசைவைப் பலமாகக் குறைக்கும். அதனால் வரும் மலச்சிக்கல் சாதாரணத் தொல்லை இல்லை. குடல் அடைத்து, அழுகி, உயிர் போயிருக்கிறது. அமெரிக்க மருந்துத் துறை 2020 ஜனவரியில் இந்த எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. தீவிர மனநோயில் இருப்பவர் வலியைத் தெளிவாகச் சொல்லாமல் போகலாம். எனவே வீட்டில் இருப்பவர் ஒவ்வொரு வாரமும் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்: எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு இறுகி, வயிறு உப்பியிருக்கிறதா, வாந்தி வருகிறதா? "ஒழுங்கா போகுதா?" என்று கேட்டால் "போகுது" என்றுதான் பதில் வரும். வயிறு உப்பி, வாந்தியும் இருந்தால் அன்றே அவசர சிகிச்சை.

நியூசிலாந்தில் போரிருவா முறை என்று ஒன்று உண்டு. குளோசபின் தொடங்கும்போதே டாக்குசேட், சென்னா என்ற மலமிளக்கிகளையும் சேர்த்துத் தருகிறார்கள், போதாவிட்டால் மேக்ரோகால் என்ற இன்னொரு மலமிளக்கி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஐபிஎஸ்ஸுக்கு நல்லதென்று சொல்லும் இசப்கோல் (தண்ணீரில் ஊதும் நார் உமி), அசையாத குடலில் ஊதி அடைப்பைக் கூட்டும். குளோசபின் எடுப்பவருக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

செர்ட்ராலின் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ வகை மனச்சோர்வு மாத்திரைகள் இதற்கு நேர்மாறு. முதல் ஒன்றிரண்டு வாரம் குமட்டலும் இளகிய மலமும் வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். இதைப் பார்த்துப் பயந்து தானாக நிறுத்துபவர்கள் ஏராளம். சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பது, குறைந்த அளவில் தொடங்குவது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். எஸ்எஸ்ஆர்ஐயோடு ஐபுப்ரோஃபென் வகை வலிமாத்திரையைச் சேர்த்தால் இரைப்பை இரத்தக்கசிவு அபாயம் கூடும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

#14 தேரிக்காடு

வயித்துக்குப் போனா அமிட்ரிப்டிலின் எழுதிக் குடுக்குறாங்க. இணையத்துல பாத்தா மனச்சோர்வு மாத்திரைன்னு இருக்கு. அப்போ டாக்டரும் மனசுதான்னு முடிவு பண்ணிட்டார்னு தானே அர்த்தம்?

#15 வைகைக்கரை

இல்லை தம்பி, இந்தத் தவறான எண்ணத்தால் மாத்திரையைக் குப்பையில் போடுபவர்கள் நிறைய. மனச்சோர்வுக்கு அமிட்ரிப்டிலின் பெரும்பாலும் 75 மி.கி.யோ அதற்கு மேலோ தேவைப்படும். குடலுக்கு 10 முதல் 30 மி.கி., இரவில். 2023-இல் வெளிவந்த அட்லான்டிஸ் சோதனையில் இங்கிலாந்தின் குடும்ப மருத்துவர்களிடம் வரும் 463 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அமிட்ரிப்டிலினும் மறுபாதிக்குப் போலி மருந்தும் கொடுத்தார்கள்; 10 மி.கி.யில் தொடங்கி, அவரவர் தேவைக்கேற்ப 30 வரை ஏற்றினார்கள். ஆறு மாதத்தில் குடல் தொல்லை போலி மருந்தைவிட நன்றாகக் குறைந்தது. பதற்ற, சோர்வு மதிப்பெண்களில் வித்தியாசம் இல்லை. அதாவது அது மனதைத் தொடாமலே குடலிலிருந்து மேலே போகும் வலிச் செய்தியைத் தணித்தது.

வாய் உலர்தல், காலையில் மந்தம் வரும். மந்தத்துக்குப் படுக்கும் நேரத்தில் எடுக்காமல் இரவு எட்டு மணிக்கே எடுப்பது உதவும். குடலை மெதுவாக்குவதால் பேதி வகைக்குப் பொருத்தம், மலச்சிக்கல் வகைக்குக் கவனம். சில வகைக் கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் அடைப்பு உள்ளவர் முன்பே சொல்லிவிட வேண்டும். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். மூன்றாம் நாளே "வேலை செய்யல" என்று விடாதீர்கள்.

பேச்சு சிகிச்சையும் அப்படித்தான். குடலை நோக்கிய ஹிப்னோசிஸை மான்செஸ்டரில் 1984-இல், வேறு எதற்கும் அடங்காத 30 பேரிடம் முயன்று பலன் கண்டார்கள். இன்று அறிவாற்றல் நடத்தை சிகிச்சையைத் தொலைபேசியிலேயே தந்து பலன் காட்டியிருக்கிறார்கள். பயம் குடலை இறுக்கும், இறுகிய குடல் பயத்தை வளர்க்கும். "பஸ்ஸில் போனால் அடக்க முடியாமல் போகுமோ" என்று வீட்டிலேயே அடைந்துகிடப்பதைப் படிப்படியாக உடைப்பதுதான் அதில் பாதி வேலை.

#16 மருதம்

இதோடு ஒன்று சேர்க்கிறேன். வலியும் பேதியும் நீண்டு, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அடுத்த குடல் பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டாம். மனநல உதவி எண்கள்: இந்தியாவில் டெலி மனாஸ் 14416, இலங்கையில் 1926. இரண்டிலும் தமிழில் பேசலாம்.

#17 நன்னாரி

இசப்கோலை ஐபிஎஸ்ஸுக்கு எப்படி எடுப்பது என்று தனிமடலில் மூன்று பேர் கேட்டார்கள், இங்கேயே எழுதிவிடுகிறேன். நாளுக்கு 3–4 கிராமில் தொடங்குங்கள். உமியின் கனம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் கரண்டிக் கணக்கை நம்பாமல் பாக்கெட்டில் ஒரு வேளைக்கு எத்தனை கிராம் என்று பாருங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி, கெட்டியாகும் முன் குடித்துவிட்டு, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். வாரத்துக்கு 3 கிராம் வீதம் ஏற்றி 10 கிராமில் நிறுத்துங்கள். நெதர்லாந்தில் 2009-இல் 12 வாரம் ஒப்பிட்டது இந்த 10 கிராம் அளவைத்தான். அதே சோதனையில் கோதுமைத் தவிடு எடுத்தவர்கள் பலர் தொல்லை கூடிப் பாதியில் விலகினார்கள், எனவே "நார்தானே" என்று தவிட்டைத் தின்னாதீர்கள். முதல் வாரம் வாயு கூடினால் அளவைக் குறைத்து நிதானமாக ஏற்றுங்கள். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், படுக்கப்போகும் முன் எடுக்காதீர்கள். மருதம் சொன்ன குளோசபின் விஷயத்தை மறுபடி படித்துவிட்டு வாங்குங்கள்.